ரெண்டு கிலோ கல்லுப்பு

பராமரிப்புக்காக மின்சாரம் இருக்காதென்று
பேப்பரில் எங்கள் பகுதியின் பெயர் வந்திருந்தது.
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
வேலம்பாளையத்தில் ஓவர்லாக் ஓடாது.
ஜெனரேட்டர் இல்லாத கம்பெனி எங்களுடையது.
சித்திரை வெயிலில் எனக்கொரு லீவு.

லைன் வீட்டில் ஏழு கதவு, ஒரே குழாய்,
பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள் ஒன்பது.
அதில் என்னுடையது ஒன்றுமில்லை.
பதினோரு மணிக்கே கூரைத் தகரம்
டக் டக்கென்று முறிய ஆரம்பித்தது.
ஐஸ்கிரீம் வேணும் என்றான் பிரகதீஷ்.
கரண்டே இல்லாம எப்படிறா என்றாள் அவன் அக்கா.
செய்யலாம் என்று வாயை விட்டது நான்தான்.

மீன்கடையில் அரைப் பாளம் ஐஸ் கிடைத்தது,
சாக்கில் சுற்றி, இருபது ரூபாய்க்கு.
மீன் வாசம் அடிக்குமா?
ஐஸ் வெளியே, பால் உள்ளே என்று
மூன்று தடவை சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.
அண்ணாச்சி கடையில் ரெண்டு கிலோ கல்லுப்பு.
"ஊறுகாயாம்மா?"
"ஐஸ்கிரீம்."
அவர் பார்த்த பார்வையை
என் கடன் நோட்டில் எழுதி வைத்திருப்பார்.

பாலைச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்து
சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு
தூக்குப்போசியில் ஊற்றி மூடியை இறுக்கினேன்.
போசி வாளிக்குள். சுற்றி ஐஸ், ஒரு கை உப்பு,
திரும்ப ஐஸ், திரும்ப உப்பு.
வாளிக்கு வெளியே பனியன் வேஸ்ட்டைச் சுற்றிக் கட்டினோம்.
ஏதோ நாட்டுக்குப் போகவேண்டிய துணி,
தையல் கோணலென்று நானே ஒதுக்கிய துணி
உச்சி வெயிலில் குளிருக்குக் காவல் நின்றது.

கைப்பிடியைப் பிடித்து இக்கட்ட, அக்கட்ட.
ஆளுக்கு நூறு. எண்ணிக்கையில் ஏமாற்று.
மௌனிகாவுக்கு நாற்பது முடிந்ததும் அறுபது வந்தது.

எதிர்வீட்டு ஒடிசாப் பிள்ளையின் பெயர் குனி.
வந்த நாளில் பெயர் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.
இன்று பெயருக்கேற்றபடி
வாளிக்குள் குனிந்தே இருந்தாள்.
"உப்பு போட்டா ஐஸ் கரையுது.
கரைஞ்சா சூடுதானே ஆவோணும்?
பொறவு ஏனுங்க்கா கை வலிக்கறாப்புல சில்லுங்குது?"
எங்களைவிட நல்ல கொங்குத் தமிழ்.
பதில் எனக்குத் தெரியாது.
கரையும்போதுதான் ரொம்பக் குளிரும் போல, என்றேன்.
அவள் நம்பவில்லை. நல்லது.

மூடியைத் திறக்காதீங்க என்றால்
திறக்காமல் இருக்குமா ஒன்பது பேர்?
ஒவ்வொரு தடவையும் ரெண்டு கல் உப்பு
உள்ளே குதித்திருக்கும்.
நாலே முக்காலுக்குப் போசியின் ஓரத்தில்
வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியது.
"புடிச்சிருச்சு! புடிச்சிருச்சு!"
தீதான் பிடித்துவிட்டதென்று
வீட்டுக்காரம்மா குடத்தோடு ஓடிவந்தார்.

அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்தது.
ஏழு வீட்டு ஃபேனும் ஒரே மூச்சில்.
கூடவே என் போனும்.
"பீஸ் நிக்குதுங்க, நைட்டே லோடு ஏத்தோணும், வந்துருங்க."
உப்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனேன்.

பன்னிரண்டரைக்குத் திரும்பினால்
பூட்டிய என் கதவோரம் வாளி.
பனியன் வேஸ்ட் குலையவில்லை,
நான் போட்டதைவிட இறுக்கமான முடிச்சு.
போசிக்குள் என் பங்கு.
ஐஸ்கிரீம் இல்லை. பாலென்றும் சொல்ல முடியாது.
நின்றபடியே குடித்தேன். பாதிக்குப் பாதி உப்பு.
ஏலக்காய்த் தொலி ஒன்று பல்லில் சிக்கியது,
துப்ப மனமில்லை.

காலையில் குழாயடியில் மறித்துக்கொண்டு
எப்படி இருந்துச்சு என்று கேட்டார்கள்.
கட்டியா இருந்துச்சு என்றேன்.
குனி மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
நேற்று வாளி நின்ற இடத்தில்
சிமெண்ட்டுத் தரையில் காய்ந்த உப்பு,
வெள்ளையாய் ஒரு வட்டம்.
நடுவில் எப்போதோ சிந்திய பால்துளி.
வட்டத்துக்கு வெளியே எறும்புகள்
வாசல் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தன.
அவள் விரலில் எச்சில் தொட்டு
ஓரிடத்தில் உப்பை அழித்துக்கொண்டிருந்தாள்.